அருளப்பு அண்ணையின் அடக்கமும் என் வாத்திறகு ஜக்கெற்றும்

ஒவ்வொருவருக்கும் அகம்பாவம் உடம்பில் ஓரிடத்தில் தங்கியிருக்கும். சிலருக்கு மூக்கில், சிலருக்கு மீசையில். எனக்கு அது ஒரு ஜக்கெற்றுக்குள் இருந்தது. கடும் நீலம், தொடைவரை நீளம், உள்ளே முழுக்க வாத்திறகு. நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்து, மேற்பார்வையாளராக உயர்ந்த மாதம் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு லண்டன் லூயிஷாமில் வந்து இறங்கிய முதல் நவம்பரில், "இதெல்லாம் ஒரு குளிரோ?" என்று பஸ் தரிப்பிலும் இறைச்சிக்கடை வரிசையிலும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். என்னிடம் எவரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

இப்போது ஐம்பது வயதாகிறது, உண்மையை ஒப்புக்கொள்ளலாம். நோர்வேயில் நான் வெளிக்குளிரில் நின்ற நேரம் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம். வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு நாலு, திரும்பி வர நாலு. வேலைக்கு வேண்டிய உடுப்பு முழுவதையும், உள்ளே போடுவதிலிருந்து காலுறை வரை, கம்பனியே மடித்துத் தந்துவிடும். எதற்கு மேல் எதைப் போடுவது என்று யோசிக்கிற தேவை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் 'நோர்வேயில் இருந்து வந்தவர்' என்ற பட்டம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு குளிரைப் பற்றி எல்லோருக்கும் புத்தி சொன்னேன். (கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருப்பது அவர்கள் செய்த புண்ணியம்.)

மகள் ஷெரின் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்றுதான் லண்டன் வந்தோம். அப்போது அவளுக்கு ஆறு வயது. மீன் மேற்பார்வையாளர் ஒருவர் இல்லாமல் இந்த நகரம் எத்தனையோ காலமாக நன்றாகவே நடந்துகொண்டிருந்தது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதம் அலைந்து கடைசியில் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வேலை கிடைத்தது. கவுன்சிலில் என்ன வேலை என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டேன். சேமக்காலையில் வேலை. புல் வெட்டுவது, இலை கூட்டுவது, முக்கியமாகக் குழி வெட்டுவது. செத்தவர்களை அடக்கம் செய்கிற குழி.

ஊரில் இந்த வேலைக்கென்று சிலரை வைத்திருந்தோம். அவர்களை எப்படிக் கூப்பிட்டோம், தேத்தண்ணியை எதில் ஊற்றிக் கொடுத்தோம் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. லண்டனில் அதே வேலைக்குச் சீருடை, லீவு, பென்ஷன் எல்லாம் உண்டு. இருந்தும் மண்டைக்குள் இருக்கிற ஊர், விசாவுக்குக் காத்திராமல் நமக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

என் மனைவி ஜசிந்தா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"கவுன்சில் எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஓபிஸ் எண்டு சொல்லாதேங்கோ, அது பொய். அவையளா ஓபிஸ் எண்டு நினைச்சால் அது அவையளின்ரை பிழை."

ஜசிந்தா கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். எது பாவம், எது பாவத்துக்கு அரை அங்குலம் இந்தப் பக்கம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பழியை அவள் மேல் மட்டும் போட மாட்டேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. லண்டனில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வருகிற அறுபது எழுபது பேர்தான் எங்கள் உறவு, அயல் எல்லாம். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஷெரினின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது கைதட்ட நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சுவோம். அந்தப் பயம் எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் என்னோடு முதலில் பேசியவர் அருளப்பு அண்ணை. மன்னார்க்காரர், ஸ்ட்ரெதத்தில் வீடு, மினிகாப் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார். அவருடைய மனைவி றோஸ்மலர் அக்கா பூசை முடிந்ததும் மண்டபத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுவார். அக்காவின் குரல் அப்படியில்லை. அவர் காதில் ஒரு சங்கதி விழுந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிளேஸ்டோவில் இருப்பவர்கள் கூட யன்னலைத் திறந்து வைத்தால் கேட்கலாம். அதனால் தேத்தண்ணி வாங்கப் போகும்போது நான் வாயைத் திறப்பதே இல்லை, சீனி கூடக் கையால்தான் காட்டிக் கேட்பேன்.

அருளப்பு அண்ணைக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்விதான்.

"தம்பி, வேலையிடம் சூடோ?"

"ஓம் அண்ணை, நல்ல சூடு."

"கால் விறைக்கிறேல்லையோ?"

"இல்லை அண்ணை. ஹீற்றர் கிடக்கு."

"அப்ப சரி" என்று சொல்லி, என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து ஒருதரம் தேய்த்துவிட்டுப் போவார். வயதான மனிதர், பேச வேறு விஷயம் இல்லைப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

வேலையிடம் சூடில்லை. வேலையிடத்துக்குக் கூரையே இல்லை. எங்கள் மேற்பார்வையாளர் டோனா என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. என் தோளளவு உயரம். பழைய கம்பளிச் சட்டை ஒன்றை முழங்கையில் ஒட்டுப் போட்டு அணிந்திருப்பாள். (நோர்வே மேற்பார்வையாளரான எனக்கு லண்டனில் கிடைத்த மேற்பார்வையாளர்!) முதல் நாளே உடுப்பு விஷயத்தை விளக்கினாள். உடம்போடு ஒட்டுவது கம்பளியாக இருக்க வேண்டும். பருத்தி கூடாது, அது வேர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். மண் வெட்டும்போது ஒன்றைக் கழற்ற வேண்டும், வெட்டி முடித்து நிற்கும்போது ஒன்றைக் கூடப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கவுன்சில் தந்த மழை ஜக்கெற்.

"நான் நோர்வேயில் இருந்து வந்தவன்" என்றேன்.

"சந்தோஷம். அங்கே பனி கொட்டும், தட்டிவிட்டால் போய்விடும். இங்கே குளிர் ஈரத்தோடு வரும், தட்டினால் போகாது" என்றாள்.

நான் சிரித்தேன். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு. முதல் குளிர்காலம் பெரிதாக ஒன்றும் செய்யாமல் போய்விட்டதால் அந்தச் சிரிப்பு ஒரு வருடம் முழுக்க என் முகத்தில் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த இரண்டாவது ஜனவரியில் ஒரு ஞாயிறு பூசை முடியப் பாதர் அறிவித்தார். அருளப்பு அண்ணை வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார், மாரடைப்பு. அடக்கம் வருகிற வியாழன். எந்தச் சேமக்காலை என்றும் சொன்னார். பாடகர் வரிசையில் இருந்து ஜசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் சேமக்காலை.

காரில் திரும்பும்போது அண்ணைக்காக ஒரு நிமிடம் துக்கப்பட்டோம். பிறகு எங்களுக்காகத் துக்கப்படத் தொடங்கினோம்.

"லீவு எடுங்கோ" என்றாள்.

"ஏலாது. என்னோடை வேலை செய்யிறவனுக்குக் காய்ச்சல். நானும் டோனாவும்தான் நிக்கிறம்."

"அப்ப நான் சனத்துக்கு என்ன சொல்லுறது? பாடகர் குழு முழுக்க வருது. நீங்கள் எங்கை எண்டு கேக்க மாட்டினமே?"

"மீற்றிங் எண்டு சொல்லும்."

"பொய் சொல்ல ஏலாது."

"டோனாவைச் சந்திக்கிறன்தானே. ரெண்டு பேர் சந்திச்சால் மீற்றிங்தான்."

ஜசிந்தா யோசித்தாள். அரை அங்குலம் இந்தப் பக்கம் என்று தீர்மானித்திருக்க வேண்டும், மறுபேச்சுப் பேசவில்லை. ஆக, என்னிடம் அன்பாக இருந்த ஒரு மனிதரின் அடக்கத்துக்குப் போகாமல், அந்த அடக்கத்திலேயே, எவர் கண்ணிலும் படாமல் நிற்க வேண்டும் என்பது திட்டம்.

திட்டத்துக்குக் குறுக்கே நின்றது கவுன்சில் ஜக்கெற். பச்சை நிறம், நல்ல தடிப்பு, ஒரு துளி நீர் புகாது. ஆனால் நெஞ்சில் 'செபஸ்தியன்' என்று வெள்ளை நூலால் என் பெயர். முதுகில் சேமக்காலைப் பகுதி என்று கொட்டை எழுத்து. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த கிழவர் கூட வாசித்துவிடுவார். அதைப் போடாமல் விடுவதென்று முடிவு செய்தேன். பதிலுக்கு என் நோர்வே ஜக்கெற். பூசைக்கு நான் நாகரிகமான ஓவர்கோட்டில் போவதால் அதைக் கோயிலில் ஒருவரும் கண்டதில்லை. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளித் தொப்பி ஒன்று, கறுப்புக் கண்ணாடி ஒன்று. உள்ளே கறுப்பு ஜீன்ஸ், ஒரு பெனியன், இரண்டு ரீசேட், அதற்கு மேல் ஜசிந்தா இஸ்திரி போட்டு வைத்த ஒரு சேட். அத்தனையும் பருத்தி. எவ்வளவு கூடப் போடுகிறோமோ அவ்வளவு சூடு என்பது என் விஞ்ஞானம்.

டோனா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வங்கி கொள்ளையடிக்கப் போகிறாயா?"

கவுன்சில் ஜக்கெற்றின் ஸிப் உடைந்துவிட்டது என்றேன். பொய்.

"மழை வரப்போகிறது. வாத்திறகு வாத்தின் மேல் இருக்கும்போதுதான் மழையைத் தாங்கும்" என்றாள்.

மழை வந்தது. முந்தின நாள் மெசினால் வெட்டி வைத்திருந்த குழியின் ஒரு பக்கம் இரவு ஈரத்தில் சரிந்துவிட்டிருந்தது. லண்டன் களிமண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது மண்வெட்டியை விடாது, சப்பாத்தை விடாது, தன்னுடைய இடத்தையும் விடாது. இரண்டு மணித்தியாலம் குழிக்குள் இறங்கி நின்று வெட்டி வெட்டி மேலே எறிந்தேன். டோனா கம்பளிச் சட்டையோடு நின்று வேலை செய்தாள், மற்றதையெல்லாம் கழற்றி மரத்தில் தொங்கப் போட்டிருந்தாள். நான் ஒன்றையும் கழற்றவில்லை. கழற்றினால் முகம் தெரியும், முகம் தெரிந்தால் மானம் போகும். (அந்த நேரத்தில் அங்கே என்னைப் பார்க்க இருந்தவை இரண்டு காகம் மட்டுமே.) வேர்வை பெனியனை நனைத்து, ரீசேட்டுகளை நனைத்து, இஸ்திரி போட்ட சேட்டையும் நனைத்தது. சூடாகத்தான் இருந்தது. டோனாவைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். என் வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அடக்கம் பதினொரு மணிக்கு. ஆனால் தமிழ்ப் பூசை. எல்லோரும் அண்ணையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார்கள், ஒவ்வொருவரின் இரண்டு வார்த்தையும் பத்து நிமிடம். டோனா வாசலில் போய்க் காத்து நின்றாள். குழிக்குள் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்பைப் பார்த்துக்கொண்டு நான் தனியே நின்றேன். பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. தூறல் நிற்கவில்லை. வேலை நின்றதும் உள்ளே இருந்த வேர்வை முழுவதும் ஐஸ் தண்ணீராக மாறியது. வெளியே வாத்திறகு நனைந்து கட்டிபட்டு, தோளில் ஈரச் சாக்குப் போலத் தொங்கியது. ஜீன்ஸ் முழங்காலில் மடங்க மறுத்தது. முதலில் விரல்கள் போயின, பிறகு காதுகள். பிறகு என் பற்கள் என்னைக் கேட்காமலேயே ஒன்றோடொன்று பேசத் தொடங்கின.

வேலையாட்கள் ஒதுங்குகிற எங்கள் குடிசை இருநூறு மீற்றர் தூரத்தில் இருந்தது. உள்ளே ஹீற்றர் இருந்தது. கொழுக்கியில் அந்தப் பச்சை ஜக்கெற் காய்ந்துபோய்த் தொங்கியது. போய் எடுத்துப் போடலாம். நெஞ்சில் பெயர் இருக்கிறதே என்று நினைத்து நின்றேன். ஒரு மனிதன் தன்னுடைய சொந்தப் பெயருக்குப் பயந்து குளிரில் விறைத்த கதையை இதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

பன்னிரண்டே காலுக்குப் பெட்டி வந்தது. டோனா ஓடிவந்து பம்பை அப்புறப்படுத்தினாள். சனம் நிற்கும்போது வேலையாட்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. நான் அளவுக்கு மேலேயே ஒதுங்கினேன். இருபது மீற்றர் தள்ளி, முள் இலைகள் கொண்ட ஹொலிப் பற்றை ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. மண்வெட்டியோடு அதற்குள் புகுந்து குந்தினேன். புகும்போது இடது கக்கத்துக்குக் கீழே 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. பொருட்படுத்தவில்லை.

தூறல் விட்டது. காற்று எழும்பியது, என் பக்கமிருந்து அவர்கள் பக்கமாக.

அந்த ஜக்கெற்றில் நனையாமல் மிஞ்சியிருந்த ஒரே இடம் கக்கத்துக்குக் கீழேதான். கிழிந்ததும் அங்கேதான். எனக்கோ உடம்பு முழுவதும் நடுக்கம். ஒரு நடுக்கத்துக்கு இரண்டு மூன்று இறகு என்ற கணக்கில், வெள்ளை வெளேரென்று, காய்ந்த, மெல்லிய இறகுகள் பற்றையை விட்டுக் கிளம்பி மெதுவாக மிதந்து போயின.

முதல் இறகு அருளப்பு அண்ணையின் பெட்டியின் மேல், சிலுவைக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. பாதர் வாசித்துக்கொண்டிருந்ததை ஒரு கணம் நிறுத்தினார். முன் வரிசையில் நின்ற ஒரு கிழவி நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"சம்மனசின்ரை செட்டை" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

வானதூதரின் சிறகு! ஒரு சலசலப்பு ஓடியது. பலர் சிலுவை போட்டார்கள். ஒருவர் முழந்தாளிட்டே விட்டார், அந்தக் களிமண்ணில். இரண்டாவது இறகு வந்தது. மூன்றாவது பாதரின் புத்தகத்தில் இறங்கியது. அவர் அதைப் பக்தியோடு எடுத்துப் பக்கத்துக்கு நடுவில் வைத்தார். நான் நடுக்கத்தை நிறுத்தப் பார்த்தேன். நிறுத்த நினைத்ததும் அது கூடியது. பத்து, இருபது, முப்பது. பிள்ளைகள் "ஸ்னோ! ஸ்னோ!" என்று பிடிக்க ஓடினார்கள். ஒரு சம்மனசுக்கு இத்தனை இறகு இருக்க முடியாது என்ற சந்தேகம் மெல்ல மெல்ல அந்த விசுவாசிகளின் முகத்தில் தெரிந்தது. கிழவி கூடச் சிலுவை போடுவதை நிறுத்திவிட்டு, இறகு வருகிற திசையைப் பார்த்தாள்.

திரும்பி நடந்து வந்தது றோஸ்மலர் அக்கா. சேலைக்கு மேலே அண்ணையின் பழுப்பு ஓவர்கோட்டைப் போட்டிருந்தார், கை விரல்நுனி வரை மூடியிருந்தது. பற்றைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆர் உது?"

பற்கள்தான் பேசின. குளிர்க் காற்றில் கண்ணில் இருந்து நீர் வேறு தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து பார்த்தார். தோள் குலுங்க, கண்ணீர் வழிய, ஒருவன் முகத்தை மறைத்துக்கொண்டு பற்றைக்குள் குந்தியிருக்கிறான்.

"ஒளிச்சிருந்து அழவேண்டாம் ராசா. எழும்பி வாரும்."

கையைப் பிடித்து இழுத்தார். எழும்பினேன். துக்கத்தில் மூச்சு முட்டுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் ஒரே இழுவையில் கழற்றினார்.

"ஐயோ! எங்கடை செபா!"

வாசலில் நின்ற சவ வண்டிக்காரன் கூடத் திரும்பிப் பார்த்தான். அறுபது முகங்கள். பாடகர் குழு அப்போதுதான் ஒரு பாட்டைத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு குரல் மட்டும் சட்டென்று நின்றது. அது யாருடைய குரல் என்று சொல்லத் தேவையில்லை.

அக்கா என்னை உச்சியில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஜக்கெற், முழங்கால் வரை களி, கையில் மண்வெட்டி. வேலையில் இருந்து நேரே வந்தேன் அக்கா என்று சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. எந்த ஓபிசில் மண்வெட்டி கொடுக்கிறார்கள் என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் இல்லை.

"நீரே கிண்டினது?"

தலையை ஆட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன். இனிக் கோயில் இல்லை, பிறந்தநாள் இல்லை, ஜசிந்தாவுக்குப் பாட்டு இல்லை. மண் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. அதற்கு எத்தனை அடி வெட்ட வேண்டும் என்பது வேறு எனக்குத் தெரியும்.

அப்போது அக்கா, நான் அறிந்து முதல் தடவையாக, குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்குத் தெரியும் தம்பி. முதல் மாதமே தெரியும். உம்மடை சப்பாத்து விளிம்பிலை களி கிடந்ததாம். ஓபிசிலை களி எங்காலை எண்டு கேட்டவர். சேமக்காலைப் பக்கம் போகேக்கை உம்மைக் கண்டும் இருக்கிறார். நீ வாய் திறக்காதை, அவனாச் சொல்லட்டும் எண்டு எனக்கு ஓடர். அதாலைதான் ஞாயிறுக்கு ஞாயிறு சூடோ சூடோ எண்டு கேட்டவர்."

அந்த அக்கா ஒரு வருடத்துக்கு மேலாக ஓர் இரகசியத்தை வைத்திருந்திருக்கிறார். அருளப்பு அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் என் பொய்யைக் கேட்டு, 'அப்ப சரி' என்று சொல்லி, விறைத்த என் கையைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அப்போதுதான் உண்மையாக அழுகை வந்தது. ஏற்கெனவே அழுகிற கோலத்தில் நின்றதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அக்கா ஓவர்கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை. அடுத்த நிமிடம் முழங்கால் இரண்டும் மடங்கின. ஜீன்ஸ் அன்றைக்கு மறுப்புச் சொல்லாமல் மடங்கியது அந்த ஒருமுறைதான்.

டோனாவும் கோயில்காரர் இருவரும் என்னைக் குடிசைக்குத் தூக்கிப் போனார்கள். ஹீற்றருக்குப் பக்கத்தில் இருத்தி, அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, டோனா என் ஈர உடுப்பை ஒவ்வொன்றாக உரித்தாள். அவளுக்கு அது வெறும் முதலுதவி. எனக்கு அது விசாரணை.

"பருத்தி" என்று சேட்டைத் தூக்கிக் காட்டினாள். "பருத்தி" என்று ரீசேட்டை. "பருத்தி. பருத்தி." கடைசியாகப் பெனியனைப் பிழிந்தபோது நிலத்தில் சிறு குளம் தேங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஜசிந்தா. கையில் பாட்டுப் புத்தகம். உள்ளே அவளுடைய புருஷன் உள்காற்சட்டையோடு, செத்துப்போன ஒரு மனிதரின் ஓவர்கோட்டைப் போர்த்துக்கொண்டு, தலையில் ஒட்டிய வாத்திறகோடு உட்கார்ந்திருக்கிறான். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அவன் காலைத் துவாயால் தேய்க்கிறாள். ஜசிந்தா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பிறகு கொழுக்கியில் தொங்கிய பச்சை ஜக்கெற்றைப் பார்த்தாள், அதிலிருந்த பெயரை வாசித்தாள்.

"இனிக் கவுன்சில் எண்டு மட்டும் சொல்ல ஏலாது" என்றாள். சொல்லிவிட்டு ஈரச் சேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு டோனாவிடம் இருந்து துவாயை வாங்கி மற்றக் காலைத் தேய்த்தாள்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வழக்கமாகக் கைகொடுக்கிற ஒருவர் அன்று கையைப் பொக்கற்றில் இருந்து எடுக்கவே இல்லை. இன்று வரைக்கும் எடுக்கவில்லை. இரண்டு குடும்பம் ஷெரினின் பிறந்தநாளுக்கு அந்த வருடம் வரவில்லை. ஆனால் றோஸ்மலர் அக்கா முதல் தேத்தண்ணியை ஊற்றி, மண்டபம் முழுக்கக் கேட்க, "எங்கடை அவருக்குக் குழி வெட்டின தம்பி, வாரும்!" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து வேறொரு தொல்லை தொடங்கியது. வயதானவர்கள் ஒவ்வொருவராக என்னை மூலைக்குக் கூட்டிப்போய், "தம்பி, எனக்குத் தண்ணி நிக்காத இடமாய் ஒண்டு பாரும்" என்று காதுக்குள் சொன்னார்கள். பிறந்தநாளில் கைதட்ட ஆள் குறையவில்லை, வந்தவர்களின் சராசரி வயதுதான் கூடியது.

நோர்வே ஜக்கெற் குப்பைக்குப் போனது. இப்போது உடம்போடு மெல்லிய கம்பளி, அதற்கு மேல் தடித்த கம்பளி, அதற்கு மேல் என் பெயர் போட்ட பச்சை ஜக்கெற். மாற்றுக் காலுறை பையில் இருக்கும். வெட்டும்போது கழற்றுவேன், நிற்கும்போது போடுவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் நாட்டுக் குளிரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் டோனா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாள்.

வீட்டில் மிஞ்சியது பகிடியும் சிரிப்பும். அழுகை என்று நினைத்து அக்கா பற்றைக்குள் இருந்து என்னை இழுத்த கதை ஷெரினுக்குப் போய்ச் சேர்ந்த நாளில் இருந்து, நான் குளிரில் கொஞ்சம் நடுங்கினால் போதும். குளித்துவிட்டு வந்தாலும், ஃபிரிட்ஜைத் திறந்து நின்றாலும், அவளிடமிருந்து அந்தக் கேள்வி வரும்.

"ஆர் செத்தது, அப்பா?"

ஏழு வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். அவளுக்கு வாய் தடுமாறாமல் வருகிற ஒரே தமிழ் வசனம் இதுதான். ஜசிந்தாவும் சேர்ந்துகொள்வாள். நான் கோபிப்பது போல முகத்தை வைத்துக்கொள்வேன்.

போன மே மாதம் ஒரு பின்னேரம், நல்ல வெயில். நான் வேலையால் வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியில் இருந்தேன். அரைக்கைச் சேட்தான் போட்டிருந்தேன். குளிர் என்பது ஊரிலேயே இல்லை. ஷெரின் கல்லூரியால் வந்து கதவைத் திறந்தாள். என் தோள் குலுங்குவதைக் கண்டதும் வழக்கம் போலச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆர் செத்தது, அப்பா?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

"றோஸ்மலர் அக்கா" என்றேன்.

அவள் பையை நிலத்தில் வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் இருந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை சூடாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை குழியை நானே வெட்டினேன், அண்ணைக்குப் பக்கத்தில், தண்ணீர் நிற்காமல்.

பகிடி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஷெரின் இப்போதும் கேட்கிறாள். கேட்பதற்கு முன் ஒருதரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள்.